இரும்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவும்

டாக்டர் ஷியாமளா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால், டாக்குரியாவில் அவர் குடியிருக்கும் வீட்டு மாடிப்படியிலேயே நாலு பதில் கிடைக்கும். கீழ்வீட்டு வங்காளிகள் 'சொபி டாக்டர்' என்பார்கள், படம் பிடிக்கிற டாக்டர் என்று அர்த்தம். எதிர்வீட்டுக்காரர் முயல் டாக்டர் என்பார். சாயங்காலம் வீடு திரும்பும்போது கோட்டில் முயல் மயிர் ஒட்டியிருக்குமாம். அப்பா சேஷாத்ரி, கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் கணக்குப் பார்த்து ரிடையர் ஆனவர், "ரிசர்ச்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வார். அம்மா விஜயா மாமிதான் கொஞ்சம் விளக்கமாகப் பேசுவார்.

"டாக்டருக்குத்தான் படிச்சிருக்கா. ஆத்துல ஒருத்தருக்கு ஜுரம்னா 'வேற டாக்டரைப் பாரும்மா'ங்கறா. இவ எதுக்கு டாக்டர்னு எனக்கே தெரியலை. உனக்கு என்னத்தைச் சொல்ல, ஏழுமலை?"

எனக்கும் தெரியாது. தெரியாமலேதான் அந்த அம்மாவின் வாசலில் வருஷக்கணக்காக நிற்கிறேன். இங்கே தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் போட அவரைப் பற்றி எழுதித் தா என்று கேட்டிருக்கிறார்கள். புரிந்ததை எழுதுகிறேன். புரியாததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் அதுதான் அதிகம்.

நான் நிற்பது ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில், காந்த அறைக்கு வெளியே. உள்ளே ஆளுயரக் காந்தம் ஒன்று, நடுவில் குகை மாதிரி ஓட்டை. குழந்தையைப் பலகையில் படுக்க வைத்து உள்ளே தள்ளினால், தோலைக் கீறாமலே உடம்புக்குள் இருப்பதைப் படமாகக் காட்டும். எக்ஸ்ரே கதிர் கிடையாது. ஆனால் இரும்பு ஆகாது. சாவி, கத்திரிக்கோல், சக்கர நாற்காலி, எதைக் கொண்டுபோனாலும் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்ளும். 'இரும்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவும்' என்று கதவில் வங்காளியிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறது. அதை நன்றாகப் படித்துவிட்டு அப்படியே உள்ளே நடப்பவர்களை நிறுத்துவதுதான் என் வேலை.

என்னை அங்கே நிறுத்தியதே டாக்டரம்மாதான். அதற்கு முன்னால் நான் கார்டன் ரீச்சில் ஒரு கான்ட்ராக்டரிடம், கப்பல் தகட்டுக்கு கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பொறி பறந்து கண்ணில் ஏறிவிட்டது. சேஷாத்ரி சாருக்குத் தெரிந்தவன் என்பதால் அவர் பெண்ணிடம் காட்டப் போனேன். அவர் படம் எடுத்துப் பார்த்தார், கண் டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"இரும்புத் துணுக்கு ஒண்ணு உள்ளே தங்கியிருக்கு. எடுக்கப் போனா பார்வை போயிடும்னு சொல்றாங்க, இருக்கட்டும். ஆனா ஆயுசுக்கும் காந்தத்துக்கிட்ட போகாதீங்க, ஏழுமலைதா" என்றார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், அண்ணன் என்று கூப்பிட அவருக்கு வங்காளத்து 'தா'தான் வரும். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க காந்த ரூமுக்கு வாசல்ல ஆள் தேடிட்டிருக்கோம். வர்றீங்களா?" என்றார்.

"இப்பத்தானே போகாதேன்னீங்க?"

"அதனாலதான். பயப்படறவர்தான் ஒழுங்கா காவல் காப்பார்."

என்னத்தைச் சொல்ல. வந்துவிட்டேன். அந்தக் கதவைத் தாண்டி இன்றுவரை ஒரு அடி வைத்ததில்லை.

வாசல் வேலையில் பெரிய தலைவலி லோஹா. இங்கே கல்யாணமான பெண்கள் சங்கு வளையலோடு ஒரு இரும்பு வளையமும் போடுவார்கள். புருஷன் இருக்கிறவரை அதைக் கழற்றமாட்டார்கள். குழந்தைக்குத் துணையாக உள்ளே போக வந்த ஒரு அம்மாளிடம் "லோஹாவைக் கழற்றும்மா" என்றேன். செருப்பைக் கழற்றினாள். நர்ஸ் ஷிப்ராதிதான் வழி கண்டுபிடித்தார். முதலில் மணிக்கட்டில் காளிகாட் சிவப்புக் கயிற்றைக் கட்டுவது, கட்டிய பிறகு லோஹாவை உருவி, சிந்தூரம் இட்ட பித்தளைக் கிண்ணத்தில் வைப்பது. கை ஒரு கணம்கூட வெறுமையாக இல்லை. அதன் பிறகு செருப்பு தரையிலேயே இருந்தது. பெண்களைச் சோதித்து அனுப்புவது ஷிப்ராதி பொறுப்பு, ஆண்களுக்கு நான் என்று ஆனது.

சரி, டாக்டரம்மா கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் அவர் இங்கே மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, குழந்தைகள் புற்றுநோய் வார்டில் இருந்திருக்கிறார். ஒரு பையனுக்கு மாற்றி மாற்றி ஸ்கேன், எக்ஸ்ரே, மறுபடி ஸ்கேன். நோய் குறைந்ததா என்று பார்க்க வேறு வழி இல்லை. அவனுடைய தாய், மீன் விற்கிறவள், ஒரு நாள் கேட்டிருக்கிறாள்: "இவ்வளவு தடவை படம் எடுக்கிறீங்களே, படமே புதுசா நோயைக் கொடுத்துடாதா?"

மற்ற டாக்டர்களாக இருந்தால் 'போம்மா' என்று அனுப்பியிருப்பார்கள். இவர் "தெரியலை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாராம். விஜயா மாமி சொன்னது இது. தேடிப் படித்ததில், கொடுக்கும், எல்லோருக்கும் இல்லை, எப்போதாவது ஒருவருக்கு, பல வருஷம் கழித்து, என்று தெரிந்ததாம். அன்றைக்கு ஆரம்பித்த ஓட்டம்தான். கதிர் இல்லாமல் குழந்தைகளின் நோயைப் படம் பிடிக்க வேண்டும். அதற்காக இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு, இரண்டாயிரத்தில் திரும்பி வந்தார். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடமும் "தெரியலை" என்றாராம். மாமிக்கு அதில்தான் கோபம்.

இனிமேல்தான் எனக்குப் புரியாத இடம். வாசலில் இரும்பைக் கழற்று, கழற்று என்று தொண்டை வறள நான் கத்துகிறேன். இந்த அம்மா பின்கட்டு ஆராய்ச்சிக் கூடத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறார்? இரும்பைக் கரைத்து முயலின் ரத்தத்தில் ஏற்றுகிறார். ஏற்றிய முயலைக் காந்தத்துக்குள் அனுப்புகிறார். அதுவும் என் வாசல் வழியாகவே.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "என்ன டாக்டரம்மா, ஊரார் கையில இருக்கிற லோஹாவைப் பிடுங்கறோம், முயலுக்கு ஊசியில இரும்பு போடறீங்க. யாரை ஏமாத்தறோம்?"

சிரித்துவிட்டு ஒரு குப்பியைக் காட்டினார். காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. "கிரைண்டர்ல பொறி பறக்குமே. அதுல ஒரு பொறியை எடுத்து, லட்சம் துண்டாக்கி, அதுல ஒரு துண்டை மறுபடி லட்சமாக்கினா எப்படி இருக்கும்? அவ்வளவு பொடிசு இது. காந்தத்தால இதைப் பிடிச்சு இழுக்க முடியாது. ஆனா இது போய் உட்கார்ந்த இடம் மட்டும் படத்துல கறுப்பா தெரியும்."

"அப்போ என் கண்ணுல இருக்கறது?"

"அது மலை, ஏழுமலைதா."

அது எங்கே போய் உட்காரும் என்பதையும் சொன்னார். உடம்பில் குப்பை அள்ளுகிற ஆட்கள் மாதிரிச் சில அணுக்கள் இருக்கின்றனவாம். அவை இந்த இரும்பை அள்ளித் தின்னும். கழுத்திலும் நெஞ்சிலும் இருக்கிற நெறிக்கட்டிகளில் அந்த ஆட்கள் குடியிருப்பார்கள். சளி, காய்ச்சல் என்று கட்டி வீங்கினாலும் அவர்கள் உள்ளேயே இருப்பார்கள், அதனால் கறுப்பாகும். புற்று வந்து குடியேறினால் அவர்களைத் துரத்திவிடும், அங்கே இரும்பு போகாது, வெள்ளையாகவே நிற்கும். ஆக, கறுப்பு நல்லது, வெள்ளை கெட்டது. எனக்கு இது மனதில் நிற்கவே இல்லை. எக்ஸ்ரேயில் வெள்ளை, ஸ்கேனில் வெள்ளை, இதில் கறுப்பு, எது நல்லது எது கெட்டது என்று ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் சொல்வேன்.

முயலில் சரியாக வந்தது. பிறகு பெரியவர்கள் சிலருக்குச் செய்து பார்த்தார்கள். குழந்தைக்குச் செய்ய ஆஸ்பத்திரிக் கமிட்டி அனுமதி கொடுக்க இரண்டாயிரத்து ஆறு ஆகிவிட்டது. அப்போதுதான் அக்ஷரா வந்தது.

அக்ஷராவின் அப்பா ரமேஷ்பாபு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அம்மா கல்பனா. ஆறு வயதுக் குழந்தைக்கு நெறிக்கட்டியில் புற்று. மருந்தெல்லாம் ஏற்றி, முடி கொட்டி, மறுபடி முளைத்து, சுகமாகிவிட்டது என்று அனுப்பிய பிறகு இருமல் வந்தது. பார்த்தால் மூச்சுக்குழாய் பக்கத்தில் கட்டிகள் வீங்கியிருக்கின்றன. நோய் திரும்பிவிட்டதா, வெறும் சளி வீக்கமா? வெட்டி எடுத்துப் பார்க்கலாம் என்றால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும், கட்டி மூச்சுக்குழாயை அழுத்துகிற நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு நின்றாலும் நின்றுவிடும் என்றார்கள். நோய் இல்லாமலே பலமான மருந்தை ஆரம்பித்தால் அந்த உடம்பு தாங்காது. நோய் இருந்து சும்மா விட்டால் அதைவிட மோசம். அந்தக் கட்டி கறுப்பா வெள்ளையா, அவ்வளவுதான் கேள்வி. குழந்தையின் உயிர் அந்தக் கேள்வியில்தான் தொங்கியது.

டாக்டரம்மா கல்பனாவையும் ரமேஷ்பாபுவையும் உட்கார வைத்து எல்லாம் சொன்னார். "இது எங்களுக்கே புதுசு. குழந்தைக்கு இதுவரைக்கும் செஞ்சதில்லை. வேண்டாம்னா வேண்டாம்" என்றார்.

ரமேஷ்பாபு வெளியே வந்து என்னைத்தான் கேட்டார். "அண்ணே, நம்ம ஊர் ஆளு நீங்க, உள்ளதைச் சொல்லுங்க. இந்தம்மாவை நம்பலாமா? எதைக் கேட்டாலும் தெரியலை தெரியலைங்குது."

"தெரிஞ்ச மாதிரி பேசறவங்க மேல் மாடியில நிறைய இருக்காங்க. போய்ப் பாரு" என்றேன். வேறு என்ன சொல்ல? மனுஷன் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள், இரும்பு ஏற்றுவதற்கு முன் ஒரு படம். மயக்க மருந்து கிடையாது, குழந்தை அசையாமல் படுக்க வேண்டும். அப்பா உள்ளே போனார். காந்தம் வேலை செய்யும்போது டக்டக்கென்று காது கிழிகிற சத்தம் வரும். "இது கப்பல் என்ஜின் ரூமு பாப்பா, நீ கேப்டன், அசையக் கூடாது" என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். படம் பளிச்சென்று வந்தது. பிறகு வார்டில் படுக்க வைத்து அந்த டிகாக்ஷன் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அது போய்ச் சேர ஒரு நாள் வேண்டுமாம்.

மறுநாள் ஊசி குத்திய எரிச்சலில் குழந்தை கப்பலாவது கிப்பலாவது என்றது. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஆமி ஜாபோ நா" என்று ஒரே அழுகை. போக மாட்டேன் என்று. அதற்குத் தமிழைவிட வங்காளிதான் முந்திக்கொண்டு வரும். அம்மா வந்தால் போவேன் என்றது. சரி, கல்பனா போகட்டும் என்றார்கள்.

ஷிப்ராதி சோதித்தார். "லோஹா இருக்கா?" இல்லை. தமிழ்ப் பெண்ணுக்கு ஏது லோஹா. கையில் கண்ணாடி வளையல். காலில் மெட்டி, வெள்ளி, பரவாயில்லை. குழந்தையின் இடுப்புக் கயிற்றில் இருந்த தாயத்தைக் கழற்றினார்கள். கழுத்தில் சங்கிலி தெரிந்தது. "சோனா?" என்றார் ஷிப்ராதி. தங்கமா என்று. "சோனா" என்றாள் கல்பனா. தங்கத்தைக் காந்தம் தொடாது. போகலாம்.

குகையின் மறுபக்கம் வழியாகக் கல்பனா இடுப்பு வரைக்கும் உள்ளே குனிந்து, குழந்தையின் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டாள். குழந்தை சிமிட்டக்கூட இல்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பக்கத்து அறையில், திரையைப் பார்க்கிற டாக்டரம்மாவுக்குப் பின்னால் நின்றேன். பெரிய டாக்டர் மித்ராவும் வந்திருந்தார்.

படம் வந்தது. கழுத்துக்குக் கீழே, கட்டிகள் இருந்த இடத்தில், தார் ஊற்றின மாதிரிக் கறுப்பு.

மித்ரா மேசையைத் தட்டினார். "பார்த்தாயா! உன் முயல் பொய் சொல்லவில்லை. இவ்வளவு சுத்தமான கறுப்பை நான் பார்த்ததில்லை." எனக்கே புரிந்துவிட்டது. கறுப்பு, அதாவது, இருங்கள், ஆமாம், நல்லது.

அந்த அறை வாசலில் நின்ற ரமேஷ்பாபு மித்ராவின் முகத்தைப் பார்த்தே ஓடிவிட்டார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெட்டி சந்தேஷ். வராந்தாவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் இனிப்பைத் திணித்தார். கல்பனா வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்ககிட்ட சொல்றேன். நான் குனிஞ்சப்போ தாலி தானா பாப்பா பக்கம் போச்சுண்ணே! கையால தொடலை. அப்படியே அந்தரத்துல நீண்டு பாப்பா கழுத்துக்கிட்ட நின்னுச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அம்மன் இறங்கிட்டான்னு."

யார்கிட்டயும் சொல்லாதீங்க என்றவளே அடுத்த நிமிஷம் ஷிப்ராதியிடம் பாதி இந்தியில் சொன்னாள். ஷிப்ராதி நெற்றிக்குக் கை கொண்டுபோய், "ஜெய் மா காளி" என்றார். எனக்கும் சிலிர்த்தது. பொய் சொல்வானேன்.

டாக்டரம்மா மட்டும் திரைக்கு எதிரேயே உட்கார்ந்திருந்தார். நான் ஒரு சந்தேஷை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், வாயில் போடவில்லை. நேற்றைய படமும் இன்றைய படமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"என்ன டாக்டரம்மா, ஜெயிச்சுட்டீங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"மூச்சுக்குழாய் பாருங்க. நேத்து நேரா இருக்கு. இன்னிக்கு வளைஞ்சிருக்கு. ஒரே நாள்ல எப்படி வளையும்?"

"குழந்தை அசைஞ்சிருக்கும்."

"அசைஞ்சா கலங்கலா வரும். இது வளைஞ்சு வருது. கறுப்பும் கட்டியோட நிக்காம வெளியே வழியுது. ரொம்ப நல்லா இருக்கு. அதான் பிடிக்கலை."

நல்லா இருப்பது பிடிக்கவில்லை என்கிறவரிடம் என்ன பேசுவது? மித்ராவும் அதையேதான் கேட்டார். "எட்டிப் பார்த்தால் கொண்டாட்டம் நடக்கிறது. உன்னுடைய வேலைதான் ஜெயித்திருக்கிறது. நீயே சந்தேகப்பட்டால் யார் நம்புவார்கள்? வீட்டுக்கு அனுப்பு."

"தெரியலை சார்" என்று சொல்லிவிட்டு, சந்தேஷைக் கையில் வைத்தபடியே வராந்தாவுக்கு வந்தார். பெற்றவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் வந்தார், நடையைப் பார்த்தாலே தெரிந்தது.

அக்ஷரா பெஞ்சில் ஏறி இறங்கிக் குதித்துக்கொண்டிருந்தது. குதித்த வேகத்தில் கவுனின் தோள்பட்டை அறுந்து தொங்கியது. "ஒரு நிமிஷம் நில்லுடி" என்று கல்பனா அதைப் பிடித்து நிறுத்தினாள். முந்தானைக்குள் கையை விட்டுத் தாலிச் சங்கிலியை வெளியே இழுத்தாள். சங்கிலியின் அடியில் கொத்தாக ஊக்குகள். அதில் ஒன்றைக் கழற்றி, பல்லில் கடித்துத் திறந்து, கவுனில் குத்தினாள்.

டாக்டரம்மா கையிலிருந்த சந்தேஷ் கீழே விழுந்தது.

"கல்பனா, இது உள்ளே போறப்பவும் இருந்துதா?"

"எது டாக்டர்?"

"ஊக்கு."

"அது எப்பவும் இருக்குமே. ஏன்?"

நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் இதே கதைதான். விஜயா மாமி கழுத்திலும் இருக்கிறது, என் பெண்டாட்டி கழுத்திலும் இருக்கிறது. யாரும் அதை நகையாக நினைப்பதில்லை, இரும்பாகவும் நினைப்பதில்லை. ஷிப்ராதி ஆயிரம் வங்காளிப் பெண்களைச் சோதித்தவர், தாலியின் அடியில் ஊக்கு தொங்கும் என்று அவர் எங்கே கண்டார்? தாலியை இழுத்தது காந்தம். படத்தில் தார் ஊற்றியது டிகாக்ஷன் இல்லை, குழந்தையின் கழுத்துக்கு மேலே தொங்கிய அந்த ஊக்குக் கொத்து.

டாக்டரம்மா வராந்தாவிலேயே, இனிப்பு தின்றுகொண்டிருந்த வாய்களுக்கு நடுவில் சொன்னார். "இன்னிக்கு எடுத்த படம் செல்லாது. அந்தக் கறுப்புக்குக் கீழே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலை. இரும்பு இன்னும் உடம்புலதான் இருக்கும், மறுபடி ஊசி வேண்டாம். நாளைக்குக் காலைல இன்னொரு தடவை எடுக்கணும்."

ரமேஷ்பாபுவுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "கறுப்புன்னா நல்லதுன்னீங்க. இப்ப கறுப்பு வந்தா செல்லாதுங்கறீங்க. என்னம்மா விளையாடறீங்களா? நாங்க வேலூருக்கே போயிக்கறோம்!"

"போங்க. தப்பில்லை. ஆனா நாளைக்குப் படத்தை எடுத்துக்கிட்டுப் போங்க. இந்தப் படத்தோட போனா அங்கேயும் ஏமாந்துடுவாங்க."

கல்பனாவுக்கு வேறு குழப்பம். "அப்ப தாலி நகர்ந்தது...?" என்று இழுத்தாள்.

மறுநாள் காலை புதிதாக ஒரு தகராறு. ஊக்கை எடுத்தால் போதும், தங்கம் இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. கல்பனா ஒத்துக்கொள்ளவில்லை. "தங்கம்னு சொல்லித்தான் கடைக்காரன் குடுத்தான். உள்ளே என்னத்தைப் போட்டிருக்கானோ. பாப்பா விஷயத்துல நான் யாரையும் நம்பமாட்டேன்." கழற்றவும் மனசில்லை, போட்டுக்கொண்டு போகவும் பயம். டாக்டரம்மா வீட்டுக்குப் போன் போட்டார். விஜயா மாமி டாக்குரியாவிலிருந்து ரிக்‌ஷா பிடித்து வந்து இறங்கினார், கையில் மஞ்சள் தடவிய நூலும் ஒரு மஞ்சள் கிழங்கும்.

"கழுத்தைக் காட்டு" என்று கிழங்கை நூலில் முடிந்து கல்பனா கழுத்தில் கட்டிவிட்டுத்தான் சங்கிலியைக் கழற்றினார். ஷிப்ராதி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அட, நம்ம சிவப்புக் கயிறு மாதிரி" என்றார். மாமி பெண்ணைப் பார்த்துத் திரும்பினார். "இத்தனை வருஷம் என் கழுத்துல தொங்கறதைப் பார்த்து வளர்ந்தவதானே நீ? உனக்குத் தோணாதா?"

"தோணலைம்மா" என்றார் டாக்டரம்மா. அந்தக் குரலைக் கேட்ட மாமி, கழற்றிய சங்கிலியை ரமேஷ்பாபுவிடம் நீட்டினார்.

சங்கிலியை ரமேஷ்பாபு சட்டைப்பையில் வைத்தார். ஊக்குகளை என் கையில் கொடுத்தார்கள். கதவு மூடியது. டக்டக் சத்தம் ஆரம்பித்தது. கல்பனா குனிந்தாள், மஞ்சள் கிழங்கு நேராகக் கீழே தொங்கியது, எந்தப் பக்கமும் போகவில்லை. அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினேன்.

திரையில் தார் இல்லை. மூச்சுக்குழாய் நேராக இருந்தது. கட்டிகள் தனித்தனியாகத் தெரிந்தன. சுற்றியிருந்தவை கறுத்திருந்தன. மூச்சுக்குழாயை ஒட்டின ஒன்று மட்டும் வெள்ளை. நேற்று சரியாக அந்த இடத்தின் மேல்தான் ஊக்கு தொங்கியிருக்கிறது.

மித்ரா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டரம்மா வெளியே போய், பெஞ்சில் இடம் இருந்தும் கல்பனாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு வெள்ளையா இருக்கு, கல்பனா."

"வெள்ளைன்னா?"

"நோய் இருக்கும்னு நினைக்கறேன். எதைத் தொட்டுப் பார்க்கணும்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. வெட்ட வேண்டாம். மெல்லிசா ஒரு ஊசி, மரத்துப் போக மருந்து போட்டு, முழிச்சிருக்கறப்பவே எடுத்துடலாம். அங்க காந்தம் இல்லை, நீ எல்லாத்தையும் போட்டுக்கிட்டு பக்கத்துல இருக்கலாம்."

ரமேஷ்பாபு சுவரில் சாய்ந்து நின்றார். வேலூர் பேச்சு வரவில்லை. நேற்று அவர் வாங்கி வந்த இனிப்புப் பெட்டி இன்னும் என் மேசையில் இருந்தது. அதை அவர் கண்ணில் படாமல் உள்ளே தள்ளினேன்.

ஊசிப் பரிசோதனையில் நோய்தான் என்று வந்தது. சின்னதாக இருக்கும்போதே பிடித்தோம் என்றார்கள். மருந்தை மாற்றிப் பலமாக ஆரம்பித்தார்கள். குழந்தை பட்ட பாட்டை இங்கே எழுதப்போவதில்லை. மருந்து ஏறுகிற நாட்களில் கல்பனா என் வாசலுக்கு வந்து சும்மா நிற்பாள். ஒரு நாள் சொன்னாள்: "அண்ணே, நான் யோசிச்சுப் பார்த்துட்டேன். நோய் இருந்த இடத்துக்கு நேராத்தானே தாலி போய் நின்னுச்சு? அது காட்டித்தான் குடுத்திருக்கு. நமக்குத்தான் புரியலை."

இதைக் கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் சொன்னேன், சிரிப்பார் என்று. சிரிக்கவில்லை. "காந்தம் இழுத்தது, அது தெரியும். அவ ஏன் அப்படி நினைக்கக் கூடாதுன்னு கேட்டா, தெரியலை, ஏழுமலைதா" என்றார். வெளிநாட்டுப் பத்திரிகைக்கு இந்த வேலையைப் பற்றி எழுதி அனுப்பியபோது நல்ல படத்தை மட்டும் போடவில்லை, தார் ஊற்றிய படத்தையும் சேர்த்துத்தான் அனுப்பினார். எதற்கு மானத்தை வாங்கிக்கொள்கிறீர்கள் என்று மித்ரா சத்தம் போட்டது எனக்கு வாசலில் கேட்டது. படம் போனது போனதுதான்.

கதவில் இப்போது நாலாவதாக ஒரு வரி இருக்கிறது. தாலியில் ஊக்கு இருந்தால் சொல்லவும் என்று, தமிழில், நான் எழுதியது. வருகிறவர்களில் முக்காலே மூணு வீசம் பேர் வங்காளிகள். இது என்ன பாஷை, என்ன மந்திரம் என்று கேட்கிறார்கள். சில பேர் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போது விட்டுவிட்டேன்.

போன மாதம் அக்ஷரா பரிசோதனைக்கு வந்தது. தலைமுடி இரட்டைப் பின்னல் போடுகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தேன் என்று பெருமையாகச் சொன்னது. ஓடியதே பெருமை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இப்போதெல்லாம் தனியாகவே உள்ளே போகிறது. ஆனாலும் கல்பனா வீட்டிலிருந்தே மஞ்சள் கயிற்றோடு வருவாள், ஊக்கை எடுத்து என் கையில் கொடுப்பாள், எதிரே பெஞ்சில் உட்காருவாள். ரமேஷ்பாபு இனிப்புக் கடைப் பக்கமே போவதில்லை. கேட்டால், "பார்க்கலாம்ண்ணே" என்பார்.

டக்டக் சத்தம் நின்றது. டாக்டரம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"எல்லாம் கறுப்பு."

கல்பனா எழுந்து நின்றாள். அழுவதா சிரிப்பதா என்று முகம் தயங்கியது. டாக்டரம்மா அதற்குள் திரைக்குத் திரும்பிவிட்டார். கல்பனா என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கறுப்புன்னா நல்லதா, கெட்டதா? ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துல மறந்து போகுது."

கையில் ஊக்குகளை வைத்துக்கொண்டு நானும் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்தது. பிறகு சொன்னேன்.